சந்தனத்தின் மேல் ஒட்டிய டேப்

தம்பி,

திருமண மலருக்கு ஒரு பக்கம் வாழ்த்து எழுதித் தரச் சொன்னாய். "மா, நல்லதா நாலு வரி போதும். உன் ஆராய்ச்சிக் கதையெல்லாம் வேணாம்" என்று போனில் சிரித்தாய். நானும் சில நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன். வாழ்த்து எழுதலாம் என்று பேனாவை எடுத்தால் குமட்டல்தான் வருகிறது. இல்லாத வாழ்த்தை எழுதுவதைவிட இருக்கிற குமட்டலை எழுதுவது மேல் என்று முடிவு செய்துவிட்டேன். நீ கேட்ட ஒரு பக்கத்தில் இது அடங்காது. "எட்டாங்கிளாஸ் பொண்ணு கட்டுரை எழுதுற மாதிரியே எழுதுறே" என்று என்னைக் கேலி செய்வாய் அல்லவா, அது உண்மைதான். ஓசூரில் பள்ளிக்கூடம் போன காலத்தில் முன் பெஞ்சில் உட்கார்ந்து, டீச்சர் சொல்வதைப் பாடப்புத்தகத்தில் சரிபார்த்துக்கொண்டே கேட்ட பெண் நான். டீச்சர் தப்பாகச் சொன்னால் கையைத் தூக்கிவிடுவேன். வகுப்பே என்னை வெறுத்தது. அந்தப் பெண் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போதும் அவள்தான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

எனக்கு அருவருப்பு எளிதில் வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி வழிந்தபோது, உன்னை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு "போலாம்மா, போலாம்மா" என்று அழுதாய். நானோ ஒரு குச்சியை எடுத்து நுரையைக் கிளறி, அது எவ்வளவு நேரம் உடையாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் பயன்படுத்திய கரைப்பானுக்கு அழுகிய மீன் வாடை. அது உடையில், தலைமுடியில் எல்லாம் ஏறிவிடும். பெங்களூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில், நிற்க இடமில்லாத கூட்டத்திலும் என் பக்கத்து சீட் காலியாக இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் நீ ஓடிவந்து, "அம்மா, மீன் வாங்கிட்டு வந்தியா?" என்று பையைத் துழாவுவாய். அந்த நாற்றத்தோடு எத்தனையோ வருடம் வாழ்ந்தேன். அது வேலையின் நாற்றம். அதில் அசிங்கம் எதுவும் இல்லை.

அந்த வேலை என்ன என்று உனக்குத் தெரியும். ஆனால் மலரைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நகத்தளவு சூரிய மின்கலத்தின் மேல் விழும் வெயிலில் ஒரு பங்குதான் மின்சாரமாகும், மீதி சூடாகிப் போய்விடும். அந்தப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவதுதான் என் வாழ்நாள் வேலை. சிலிக்கன் மேல் இன்னொரு மெல்லிய படலத்தைப் பூசுவோம். நீல ஒளியை மேல் படலம் பிடித்துக்கொள்ளும், அது விட்ட சிவப்பு ஒளியைக் கீழே இருக்கிற சிலிக்கன் பிடிக்கும். சொன்னால் ஒரு வரி. செய்தால், படலம் காயும்போது ஒரு கணம் பிசகினாலும் ஊசித்துளை விழும், காற்றில் ஈரம் ஏறினாலும் நிறம் மாறும். ஒரு சதவீதத்தில் ஒரு துண்டு ஏறுவதற்கு ஒரு வருடம் ஆகும். காலையில் ஜூஜுவாடி நெரிசலில் பஸ் நகராமல் நிற்கும்போதெல்லாம் நேற்றுச் செய்த கலம் ஏன் செத்தது என்றே யோசித்துக்கொண்டிருப்பேன். எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி வரும்போது சில நாள் விடை கிடைத்திருக்கும், பல நாள் கிடைத்திருக்காது.

அந்த ஓட்டைக் கதையை நான் உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கலத்தை அளக்கும்போது அதன் மேல் ஒரு கறுப்புத் தகட்டை வைப்போம். தகட்டின் நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை. அதன் வழியே விழும் ஒளியை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும். வருடக்கணக்காகச் சுரண்டிச் சுத்தம் செய்ததில் ஓரங்கள் தேய்ந்து, நாங்கள் கணக்கில் போடும் அளவைவிட ஓட்டை அகன்றுபோயிருந்தது. ஒருநாள் சும்மா ஓர் ஆர்வத்தில் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவள் நான். கூடுதல் ஒளி உள்ளே போக, எல்லாருடைய கலமும் இருப்பதைவிடத் திறமையாகத் தெரிந்துகொண்டிருந்தது. என் கலமும்தான். என் கலத்தின் எண்ணைத்தான் கூடத்தின் சாதனை என்று வாசலில் பேனராகக் கட்டியிருந்தார்கள். தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நிதானமாக, "எல்லாருக்கும் அதே ஓட்டைதானேம்மா? ஏறினா எல்லாருக்கும் ஏறியிருக்கும். ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு ஒரு கெடுதலும் இல்ல" என்றார். "வெயிலுக்கும் அதே ஓட்டையா சார்?" என்று கேட்டேன். அவர் எனக்கு டீ சொன்னார். திருத்தம் எழுதி வெளியிட வைத்தேன். பேனர் இறங்கியது. பையன்கள் எனக்கு 'ஓட்டை மேடம்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த திட்டத்தின் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. பல வருடம் கழித்து நான் செய்த இன்னொரு கலம், சரியான ஓட்டையில், அந்தப் பழைய பேனர் எண்ணைத் தாண்டியது. அதற்கு யாரும் பேனர் கட்டவில்லை. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

இந்தக் கதையை வெற்றிக் கதை என்று நினைத்துத்தான் உனக்குச் சொல்லி வளர்த்தேன். நீ அதைத் தோற்றவளின் கதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது இந்த டிசம்பரில்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்கு முன் ஆயுத பூஜையைச் சொல்ல வேண்டும். நீ வேலை பார்க்கும் சூரியப் பேனல் தொழிற்சாலைக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லி அழைத்திருந்தார்கள். வாசலில் வாழைமரம், சாலையில் உடைத்த பூசணிக்காய், கையில் பொரிகடலைப் பொட்டலம். நாம் ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள் என்றாலும், உன் அப்பா ஷிப்டுக்குப் போன காலத்திலிருந்தே அந்தப் பொரிகடலை நம் வீட்டுக்கு வராத வருடம் கிடையாது. ஃபோர்க்லிப்டுக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, காபி மெஷினுக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தார்கள். நீ பெருமையோடு உன் சோதனை அறைக்குக் கூட்டிப்போனாய். ஒவ்வொரு பேனலும் கடைசியாக அந்த அறைக்குத்தான் வரும். கேமரா ப்ளாஷ் மாதிரி ஒரு பெரிய விளக்கு ஒருமுறை மின்னும். அந்த மின்னலில் பேனல் எவ்வளவு மின்சாரம் தருகிறதோ, அந்த வாட் அளவு லேபிளாக அதன் முதுகில் ஒட்டப்படும். விளக்கு வெயிலுக்குச் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, அளவு நிச்சயமாகத் தெரிந்த மாதிரிப் பேனல் ஒன்று உண்டு. தினமும் காலையில் முதலில் அதைத்தான் வைப்பார்கள். அது குறைவாகக் காட்டினால், விளக்கு மங்கிவிட்டது என்று அர்த்தம். விளக்கைக் கூட்டுவார்கள். அன்றைக்கு அந்த மாதிரிப் பேனலின் கண்ணாடியில் மஞ்சு மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். தருமபுரிப் பக்கத்துப் பெண், விளக்கை இயக்குகிறவள். "எல்லாப் பேனலுக்கும் இதுதான் மேடம் அம்மா. இதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கிறது?" என்றாள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. தன் கருவியை அம்மா என்று சொல்லும் ஓர் ஆளை என் ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்ததே இல்லை. வெளியே வந்ததும் உன் காதில் மட்டும் சொன்னேன். "நாளைக்குக் காலையில மொத வேலையா ஈரத் துணியால துடைச்சிடு." "தெரியும்மா. நான் இங்க க்வாலிட்டி ஹெட்" என்றாய்.

டிசம்பரில் உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, நேரில் கொடுப்பதுதான் முறை என்று உன்னோடு மறுபடி வந்தேன். மேனேஜர் நாகராஜ் கன்னடத்தில் "ஊட்டா ஆய்த்தா மேடம்?" என்று, சாப்பிட்டாச்சா எனக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார். "உங்க பையனால இங்க வாட்டேஜ் சும்மா ஏறிடுச்சு மேடம். போற லாட்டெல்லாம் மேல்ரகம். கல்யாண ராசி பாருங்க." லட்டு கொடுத்தார், தின்றேன். மஞ்சுவுக்கும் ஒரு பத்திரிகை வைத்திருந்தேன். நீ போனில் பேசிக்கொண்டு நின்றாய், நான் மட்டும் சோதனை அறைக்குள் போனேன். மாதிரிப் பேனலில் அதே சந்தனம். காய்ந்து, வெடித்து, குங்குமம் கறுத்திருந்தது. சரி, மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு விரலை நீட்டினேன். விரலில் வழவழவென்று ஏதோ பட்டது. சந்தனம் உதிராமல் இருக்க அதன் மேல் நீளமாக, ஓரம் பிசிறில்லாமல், கண்ணாடி டேப் ஒட்டியிருந்தது.

"தொடாதீங்க மேடம், கேலிபரேஷன் போயிடும்" என்று மஞ்சு ஓடிவந்தாள்.

"யாரும்மா இதை ஒட்டினது?"

"சார்தான் ஒட்டச் சொன்னாரு. பொட்டு உதுந்தா நம்பர் எறங்கிடுதாம். எங்க ராசிப் பொட்டு மேடம் இது." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. உனக்குத் தெரியும்.

நுரைக்கும் மீன் வாடைக்கும் வராத குமட்டல், ஒரு துண்டு டேப்புக்கு வந்தது. சந்தனத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அது ஒரு பெண்ணின் கும்பிடு. அழுக்கின் மேல்கூடக் கோபம் இல்லை, எல்லாக் கருவியிலும் அழுக்குச் சேரும். என் தகட்டின் ஓட்டை யாருக்கும் தெரியாமல் தேய்ந்தது. நீ அடுத்த நாள் துடைக்கப் போயிருக்கிறாய். சந்தனம் மறைப்பதால் மாதிரிப் பேனல் குறைவாகக் காட்டுகிறது, அதனால் விளக்கு கூடுகிறது, துடைத்தால் மற்றப் பேனல்களின் எண் இறங்கும் என்று பார்த்திருக்கிறாய். துடைக்கும் துணியை வைத்துவிட்டு டேப்பை எடுத்திருக்கிறாய். சந்தையில் படிக்கல்லின் அடியைச் சுரண்டி வைத்திருக்கிற வியாபாரியும், கல் தேய்ந்துபோச்சு என்று சொல்ல ஒரு வாயாவது வைத்திருப்பான். உன்னுடையது அவன் செய்வதைவிடக் கேவலம். இன்னொருத்தியின் கும்பிடையே சுரண்டிய படிக்கல்லாக ஆக்கிக்கொண்டாய். விளக்கு வெயிலைவிடப் பிரகாசமாக எரிகிறது, குறைந்த பேனல் எல்லாம் மேல்ரகமாகி, லேபிள் ஒட்டிக்கொண்டு லாரி ஏறுகிறது.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். சாலையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு மூணு வாட்டும்மா. அதுல யாரு சாகப்போறா? எவன் பண்ணல?" என்றாய்.

"நான் பண்ணல."

"நீ பண்ணாம என்ன ஆனே? ஓட்டை மேடம்னு பேர் வாங்கினே. அப்பா டபுள் ஷிப்ட் பாத்தாரு. அதானே?"

அந்தப் பேனர் இறங்கிய கதையை உனக்குச் சொன்னேனே தவிர, அதற்குப் பிறகு வந்த நல்ல கலத்தைக் கையில் வைத்து உனக்குக் காட்டியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யாரும் கைதட்டாத ஒன்றைப் பிள்ளைக்குக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று நானே விட்டிருக்கிறேன். அது என் தப்பு. ஆனால் அதைச் சொல்லி உன் டேப்பை நியாயப்படுத்திக்கொள்ளாதே.

"யாரு சாகப்போறா" என்று கேட்டாயே, யாரும் சாகவில்லை. ஆனால் அடுத்த வாரம் குருபரப்பள்ளியில் என்ன நடந்தது என்று கேள். புடவை நிறம் பேசுவதற்காக உன் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தோணிசாமி எப்படிப்பட்ட மனிதர் என்று உனக்குத் தெரியும், வயலைச் சுற்றிக்காட்டாமல் யாருக்கும் காபி கொடுக்க மாட்டார். போர்வெல் பக்கத்தில் உன் கம்பெனிப் பேனல் புதிதாக நின்றது. தக்காளியின் கடைசிச் சால்கள் வாடியிருந்தன.

"தண்ணி பத்தலீங்களா?" என்றேன்.

"தண்ணி இருக்குதுங்க சம்பந்தியம்மா. தொட்டி நெறயறதுக்குள்ளார வெயிலு எறங்கிடுது. கடைசி நாலு சாலுக்கு எட்டறதில்ல."

"பேனல் சரியா ஓடுதா?"

அவர் சிரித்துவிட்டார். "அது மாப்பிள்ள கம்பெனிப் பேனலுங்க, அதெப்படிக் கொறையும்? வெயிலுதாங்க முன்ன மாதிரி இல்ல. இந்த வருசம் வெயிலே சரியில்ல."

என் கைப்பையில் வெயிலை அளக்க ஒரு சின்னக் கலமும் மீட்டரும் எப்போதும் இருக்கும், சிலர் ஜெபமாலை வைத்திருப்பது மாதிரி. கலத்தின் கண்ணாடியை முந்தானையில் துடைத்து வெயிலில் பிடித்தேன். அவருடைய துண்டை வாங்கி ஒரு பேனலின் தூசியைத் துடைத்துவிட்டு அதையும் அளந்தேன். டிசம்பர் நடுப்பகல், மேகமே இல்லை. அந்தப் பருவத்தில் எவ்வளவு வெயில் இருக்க வேண்டுமோ அவ்வளவும் இருந்தது. அந்த வெயிலுக்குப் பேனல் தர வேண்டியதைவிடக் குறைவாகத்தான் தந்தது. நான்கு சால் வாடியதற்கு உன் பொட்டு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், குழாயும் கொஞ்சம் நீளம். ஆனால் லேபிளை நம்பி, மோட்டாருக்கு இத்தனை பேனல் போதும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நீ சேர்த்த பொய் வாட்டும் இருக்கிறது. அவர் ஆவலாக, "என்னங்க, வெயிலு கம்மிதானே?" என்று கேட்டார். நான் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "புடவை பச்சையா, ரோஸா?" என்றேன். அந்த ஒரு கேள்விக்காக என் மேலும் எனக்கு அருவருப்புத்தான்.

ஒரு விவசாயி வானத்தைச் சந்தேகிக்கிறார், தம்பி. மாப்பிள்ளையைச் சந்தேகிக்க மனம் வராததால், சூரியனைச் சந்தேகிக்கிறார். நான் வாழ்நாள் முழுக்க அந்தச் சூரியனிடமிருந்து இன்னும் கொஞ்சம் வாங்க முடியுமா என்று பார்த்தவள். அது ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை. நான் செய்த கலங்கள் ஏமாற்றியிருக்கின்றன, மனிதர்கள் ஏமாற்றியிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் முதல் ஓலையை வாசித்தார்கள். உன் பெயரும் அவள் பெயரும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று ஃபாதர் படித்ததும், எல்லாரும் வழக்கம்போல் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்த அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணின் கை தானாக உயரப் பார்த்தது. மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். திருச்சபைச் சட்டப்படி இது தடையே இல்லை, எனக்குத் தெரியும். அவள் நல்ல பெண், உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் இன்னும் இரண்டு ஓலை பாக்கியிருக்கிறது. இரண்டு முறையும் நான் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா என்பது உன்னைப் பொறுத்தது.

நீ செய்ய வேண்டியது என்ன என்று உனக்கே தெரியும், க்வாலிட்டி ஹெட்டுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டேப்பை உரிக்க வேண்டும், கண்ணாடியைக் கழுவ வேண்டும், குடோனில் இருப்பதை மறுபடி அளக்க வேண்டும், வெளியே போனதற்குக் கம்பெனியிடம் வாய் திறக்க வேண்டும். மஞ்சுவிடம் அவள் பொட்டு ராசியானதுதான், அதை ஃபிரேமின் ஓரத்தில் வைக்கலாம் என்று சொல்ல வேண்டும். வேலை போகலாம். அதை நான் லேசாகச் சொல்லவில்லை. கல்யாணச் செலவு நடந்துகொண்டிருக்கும்போது வேலை போவது என்றால் என்ன என்று டபுள் ஷிப்ட் பார்த்தவரின் மனைவிக்குத் தெரியும். போனால் நம் வீட்டில் சோறு இருக்கிறது, இதே அறை இருக்கிறது, அவளையும் கூட்டிக்கொண்டு வா. ஆனால் இதெல்லாவற்றுக்கும் முன்னால் குருபரப்பள்ளிக்குப் போ. காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போ, யோசிக்க நேரம் கிடைக்கும். தக்காளி வயலில் நின்று அவர் முகத்தைப் பார்த்து, "மாமா, வெயில்ல ஒரு கொறையும் இல்ல. பேனல்லதான் கொறை. தெரிஞ்சே விட்டவன் நான்" என்று சொல். அவர் திட்டினால் வாங்கிக்கொள். பெண் கொடுக்க மாட்டேன் என்றால், அதைச் சொல்லும் உரிமையும் கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு இருக்க வேண்டும். திரும்பி வரும்போது சொல், பீரோவில் இருக்கிற அந்த இரண்டாவது கலத்தை எடுத்து உன் கையில் வைக்கிறேன். பேனர் கட்டாத கலம். மேல் படலம் இப்போது மஞ்சளித்திருக்கும், இருந்தாலும் பார்.

அச்சகத்தாரிடம் பேசிவிட்டேன். மலரில் 'அம்மாவிடமிருந்து' என்ற இடம் எனக்காகக் காத்திருக்கிறது. இந்தக் கடிதத்தை உன் கையில்தான் தருகிறேன். நீ குருபரப்பள்ளிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தால், ஒரு வரிகூட வெட்டாமல் இதை அச்சுக்குக் கொடு. போகவில்லையென்றால் அந்த இடம் வெறும் தாளாகவே இருக்கட்டும். அங்கே ரோஜாப்பூப் படமோ, பைபிள் வசனமோ எதுவும் போடக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். மண்டபத்தில் மலரைப் புரட்டும் ஒருவர் "அம்மா ஒன்னும் எழுதலையா?" என்று கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும். பந்தி முடிந்து விசிறிக்கொண்டே யாராவது இந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தால், அவருக்கு நான் வேறு வாழ்த்து எதுவும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. குருபரப்பள்ளியில் ஒருவர் வெயிலைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டார் என்று அவர் தெரிந்துகொள்ளட்டும்.

அம்மா